செனட் இல்லமும் தாது வருடமும்: சில பழைய ஒளிப்படங்களை முன்வைத்து

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களிலிருந்து மதுரைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லப்படும் பள்ளிப் பிள்ளைகள் மீனாட்சியம்மன் கோயிலுக்கு அடுத்தபடியாகக் காண்பது திருமலை நாயக்கர் மகால். 1636இல் நாயக்க மன்னர் எழுப்பிய அரண்மனை என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சொல்லப்படுவது உண்மையே, ஆயினும் முழுமையானதன்று. பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் மேற்கூரையிலும் வளைவுகளிலும் சுதை வேலைகளிலும் கணிசமான பகுதி விக்டோரியா அரசியின் காலத்தில் செப்பனிடப்பட்டது. சென்னை ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு அதற்கு ஆணையிட்டார். இராபர்ட் பெல்லோஸ் சிசோம் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அப்பணியை மேற்பார்த்தார். இதே சிசோம்தான் பின்னர்ச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தை 1874 முதல் 1879 வரை ஐந்தாண்டு உழைத்துக் கட்டி முடித்தவர்.

மகாலில் எது நாயக்கர் காலத்தது, எது நேப்பியர் காலத்தது என்று இன்று நாம் ஓரளவு பிரித்தறிய முடிகிறதென்றால் அதற்குக் காரணம் செப்பனிடுவதற்கு முன்னர் அங்கு வந்து சென்ற இரண்டு ஒளிப்படக் கருவிகள். கல்வெட்டும் ஏடும் படித்துப் பழகிய நாம், ஒளிப்படத்தையும் ஒரு பிரதியாக எண்ணிப் பாடம் பார்க்கத் தொடங்கினால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டாக நான் கொள்வது செனட் இல்லத்தை. நம் கரிசற் சீமைக்கும் அந்தக் கடற்கரைக் கட்டடத்துக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு விடை போகப் போகக் கிடைக்கும்.

(இடையில் ஒரு சொல். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. புகைக்கும் படத்துக்கும் என்ன தொடர்பு என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒருவராவது கேட்பதுண்டு. மூலச்சொல் ஒளியால் எழுதுவது என்னும் பொருளுடையது. ஆதலால் ஒளிப்படம் என்பதையே ஆள்கிறேன். வழக்கில் வென்றது புகைப்படம்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.)

மெழுகு பூசிய தாள்

சென்னை இராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். அதே 1856இல்தான் சென்னை ஒளிப்படக் கழகமும் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர். 1850இல் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கியவரும் அவரே. தமிழ்நாட்டின் பழங்கட்டடங்களைப் படமெடுப்பது அரசுப் பணியாகவும் கலைப் பயிற்சியாகவும் ஒருசேரத் தொடங்கியது என்பது இதனால் விளங்கும்.

டிரைப் 1857இன் இறுதியில் சென்னையிலிருந்து புறப்பட்டுத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றி வந்தார். அவர் கையாண்டது மெழுகு பூசிய தாளில் எதிர்ப்படம் எடுக்கும் முறை. கண்ணாடித் தகட்டைப் போல உடையாது. மாட்டு வண்டிப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் ஒளி பதிவதற்கு நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நடந்து செல்வோர் அந்தப் படத்தில் விழார். வண்டி ஓடினால் வண்டி இராது. அசையாத சுவரும் தூணும் மட்டுமே நிலைக்கும். டிரைப்பின் மதுரைப் படங்களில் வீதிகள் ஆளரவமற்றுக் கிடக்கக் காரணம் மதுரையில் ஆளில்லாமை அன்று. இதை அறியாமல் அப்படங்களைப் பார்ப்பவர் 1858ஆம் ஆண்டு மதுரையைப் பாழூர் என்று எண்ணிவிடக்கூடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக அவர் ஆக்கியிருக்கிறார். கல்வெட்டு ஆராய்ச்சி முறையாகத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே செய்யப்பட்ட வேலை இது. எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் எழுத்துக்குச் செய்த இந்தத் தொண்டு தமிழாசிரியர் எவரையும் வியக்க வைக்கும்.

மகாலை அவர் எடுத்த படங்களில் சிதைந்த சுவர்களும் அவற்றில் வேரூன்றிய செடிகளும் தெரிகின்றன. பத்தாண்டு கழித்து, 1867-68இல், எட்மண்ட் டேவிட் லயன் என்னும் மற்றொரு கேப்டன் அரசின் பொருட்டு மதுரைக்கு வந்தார். அவர் கொண்டு வந்தது கண்ணாடித் தகடு. அந்தப் படங்களிலும் மகால் இடிபாடாகவே நிற்கிறது. இவ்விரண்டு சான்றுகளையும் இன்றைய மகாலோடு ஒப்பிட்டால் சிசோம் செப்பனிட்ட பகுதிகள் தாமே புலப்படும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டிரைப் தம் எதிர்ப்படங்களில் தூரிகையால் திருத்தம் செய்தவர். வெளிறிப்போன வானத்தில் மேகங்களையும் கறுத்துப்போன மரங்களில் இலைகளையும் அவர் வரைந்து சேர்த்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் காட்டியுள்ளனர். ஏட்டை எழுதியவர் தமக்கு விளங்காத இடத்தில் தாமே ஒரு சொல்லைப் பெய்வது போன்றது இது. ஆகவே ஒளிப்படம் பொய் சொல்லாது என்னும் பொது நம்பிக்கையை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் தகாது. சுவரை நம்பலாம், மேகத்தை நம்புதல் கூடாது. எந்த இடத்தில் எழுதுவோன் கை புகுந்திருக்கும், எந்த இடத்தில் புகுந்திராது என்று ஆய்ந்து தெளிவது நம் பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமான வேலையே.

1859இல் ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு இத்தகைய ஆடம்பரம் ஒவ்வாது என்று கருதி டிரைப்பின் பணியை நிறுத்திவிட்டார். சிக்கனம் எந்தக் காலத்திலும் முதலில் தேடிப் பிடிப்பது இத்தகைய பணிகளைத்தான்.

மதுரையிலிருந்து சேப்பாக்கத்துக்கு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டத்தால் தோன்றியது. அதன் முதற்பட்டதாரிகளுள் சி. வை. தாமோதரம் பிள்ளை இருந்தார் என்பதை இலக்கிய வட்டத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் பட்டம் பெற்ற நாளில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மாநிலக் கல்லூரிக்கும் செனட் இல்லத்துக்கும் வடிவமைப்புக் கேட்டு 1864இல் ஒரு போட்டி நடத்தப்பட, சிசோம் அதில் வென்று சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி 1870இல் எடின்பரோ கோமகனால் திறந்துவைக்கப்பட்டது. செனட் இல்லத்தின் வேலை 1874இல்தான் தொடங்கிற்று.

இவ்விரண்டு கட்டடங்களும் சிறிது தொலைவில் ஒரே கடலைப் பார்த்து நிற்கின்றன, கட்டியவரும் ஒருவரே. எனினும் இரண்டையும் அடுத்தடுத்துப் படமெடுத்துப் பார்த்தால் இரு வேறு ஆசிரியர்களின் நூல்கள் போலத் தோன்றும். மாநிலக் கல்லூரி இத்தாலிய முறையை ஒட்டியது; ஐரோப்பாவின் எந்த நகரத்திலும் பொருந்தும். செனட் இல்லமோ செங்கற்சுவரும், நான்கு மூலைகளில் குவிமாடம் சுமந்த கோபுரங்களும், செதுக்கு வேலைப்பாடுடைய கற்றூண்கள் தாங்கிய முகப்பு மண்டபங்களும், வண்ணக் கண்ணாடிப் பலகணிகளும் கொண்டது. பைசாந்தியக் கூறும் இசுலாமியக் கூறும் தென்னிந்தியக் கூறும் அதில் ஒருங்கு கலந்துள்ளன. இந்தோ-சாரசனிக் என்று பெயர் பெற்ற பாணி இது.

இடைப்பட்ட ஆண்டுகளில் சிசோமுக்கு என்ன நேர்ந்தது? சேப்பாக்கம் அரண்மனையின் அருகில் அவர் வேலை செய்தார் என்பது ஒரு விடை. ஆர்க்காட்டு நவாபின் அந்த அரண்மனையை ஒட்டி வருவாய் வாரியத்துக்காக 1871ஆம் ஆண்டளவில் அவர் கட்டடம் எழுப்பினார். நேப்பியர் பிரபுவின் விருப்பம் என்பது மற்றொரு விடை. இந்தியாவின் வெயிலுக்கும் மழைக்கும் இசுலாமியரின் வளைவும் குவிமாடமுமே ஏற்றவை என்று அந்த ஆளுநர் 1870இல் சொற்பொழிவாற்றினார். இரண்டும் சரி. ஆனால் என் கருத்தில் மூன்றாவது விடைதான் வலுவானது. சிசோம் மதுரையில் திருமலை நாயக்கரின் செங்கல்லையும் சுதையையும் கையால் தொட்டுப் பழகினார். கல்லால் அன்றிச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் எவ்வளவு பெரிய விரிவை மூடலாம், தமிழ்நாட்டுக் கொத்தனாரிடம் எதை நம்பி ஒப்படைக்கலாம் என்பவற்றை ஐரோப்பாவின் எந்தப் பாடப்புத்தகமும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. கிளிஞ்சற் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து, முட்டை வெண்கரு கலந்து பளிங்கு போலப் பூசும் நம் நாட்டு முறை மகாலின் தூண்களில் இன்றும் கைக்கு வழுவழுப்பாகத் தெரிகிறது. கருப்பட்டி நீர் ஊற்றிச் சுண்ணாம்பு குழைத்த வீடுகள் நம் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. பனை தழைத்த பூமியில் அது இயல்பே. ஆங்கிலேயர் வரைபடம் தந்தார். கலவையின் பக்குவம் அறிந்தவர் இங்கிருந்தவர்.

விக்டோரியக் கட்டடக் கலை என்று அரசியின் பெயரால் வழங்கும் ஒன்றில் மதுரையின் பங்கு இவ்வளவு என்று நிறுத்துக் காட்ட இயலாது. எனினும் செனட் இல்லத்தின் நூலாசிரியர் என்று சிசோமைச் சொல்லும்போது, அவருடைய வழிநூலுக்கு முதல்நூல் ஒன்று உண்டு என்று சேர்த்துச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

பிற்காலத்தில் மதுரை அமெரிக்கன் கல்லூரியின் கட்டடங்களை வரைந்த ஹென்றி இர்வினும் இந்தப் பாணியில் வல்லவரே. மைசூர் அரண்மனையும் அவர் கைவண்ணம். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

படத்தின் காலம் காணல்

செனட் இல்லத்தின் பழைய படங்கள் அஞ்சலட்டைகளாகவும் செருகேடுகளிலும் பலவாகக் கிடைக்கின்றன. சென்னையில் நிக்கலஸ் நிறுவனம், வீல் அண்டு கிளைன் போன்ற படநிலையங்கள் அவற்றை விற்றன. பெரும்பாலானவற்றில் ஆண்டு குறிக்கப்படவில்லை. நூலின் காலத்தை அகச்சான்று கொண்டு கணிக்கும் நம் பழைய முறையை இங்கும் கையாளலாம்.

செனட் இல்லத்தருகே விக்டோரியா அரசியின் சிலை தெரிகிறதா? தெரிந்தால் படம் 1887க்குப் பிற்பட்டது. அரசியின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி அவ்வாண்டில் நிறுவப்பட்ட சிலை அது. மாநிலக் கல்லூரி உடன் தெரியுமாயின் அதன் மாடத்தை உற்று நோக்க வேண்டும். நான்கு முகக் கடிகாரம் இருந்தால் 1940க்குப் பிற்பட்டது. கடற்கரையில் உழைப்பாளர் சிலை நின்றால் 1959க்குப் பிற்பட்டது. மரங்கள் மற்றொரு சான்று. தொடக்க காலப் படங்களில் கட்டடம் வெட்டவெளியில் முழு உருவோடு நிற்கும். காலம் செல்லச் செல்ல மரங்கள் முகப்பை மறைக்கத் தொடங்கும். இன்று எடுப்பவர் கிளைகளுக்கு நடுவே கோபுரத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஹண்டர் தொடங்கிய அதே கலைப் பள்ளியின் முதல்வராக 1929இல் பொறுப்பேற்றவர். 1877இல் அந்தப் பள்ளியின் தலைமையைச் சிசோமும் ஏற்றிருந்தார். கட்டடத்தை வரைந்தவரும், கட்டடத்தின் எதிரே பாறையை நெம்பும் நான்கு தொழிலாளரை வடித்தவரும், படமெடுக்கும் கலையை இங்கே ஊன்றியவரும் ஒரே பள்ளியின் நாற்காலியில் அடுத்தடுத்த காலங்களில் அமர்ந்திருந்தனர்.

இல்லத்தின் வளாகத்தில் மற்றொரு சிலை உண்டு. சர் எஸ். சுப்பிரமணிய ஐயருடையது. 1842இல் மதுரையில் பிறந்தவர். தந்தையார் இராமநாதபுரம் ஜமீனின் வக்கீலாக இருந்தவர். இப்பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர். பின்னாளில் இந்தியாவின் நிலையை எடுத்துரைத்து அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதி, அதனால் எழுந்த கண்டனத்துக்கு விடையாகத் தம் சர் பட்டத்தையே துறந்தவர். சேதுநாட்டின் வாடை வீசும் இந்தச் சிலையைக் கடந்து செல்லும் நம்மவர் எத்தனை பேர் அதன் அடியில் உள்ள பெயரைப் படிக்கிறார்கள் என்பது ஐயம்.

தமிழுக்கும் இவ்வளாகத்துக்கும் உள்ள தொடர்பை விரிக்கப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. தமிழ்ப் பேரகராதியைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்டது. அப்பணியின் தொடக்கக் காலத்தில் 1913 முதல் பொறுப்பேற்ற சாண்ட்லர் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர். உ. வே. சாமிநாதையருக்கு 1932இல் இப்பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1937இல் சட்டமன்றம்கூடச் சிறிது காலம் செனட் இல்லத்தில் கூடியது. அதன்பின் நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி 2006ஆம் ஆண்டளவில் இல்லம் புதுப்பிக்கப்பட்டது. அருகிலுள்ள சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலுக்கு அந்த நற்பேறு உடனே வாய்க்கவில்லை. 2012 சனவரியில் தீப்பற்றிக் கூரை இடிந்து விழுந்து, தீயணைக்கச் சென்ற ஒருவரின் உயிரையும் பலிகொண்டது. பின்னரே அது பழைய வடிவில் மீண்டும் எழுப்பப்பட்டது. எரிந்துபோன ஒன்றை முன்போலவே எழுப்ப வேண்டுமாயின் முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். படமெடுத்து வைத்தலின் பயனை விளக்க இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பின்புறம்

செனட் இல்லத்தைப் படமெடுக்க ஏற்ற நேரம் காலை. கட்டடம் கிழக்கே கடலை நோக்குவதால் எட்டு மணிக்குள் செங்கல்லின் சிவப்பும் சுதையின் நிழலும் தெளிவாகப் பதியும். உச்சி வெயிலில் முகப்பு தட்டையாகிவிடும். அருகில் நின்று கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். பழைய படக்காரர்கள் கருவியைச் சாய்க்காமல் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி நேர்க்கோட்டை நேராகவே காத்தனர். இன்றைய கைப்பேசிகள் பின்னால் திருத்திக்கொள்கின்றன. எந்த நூற்றாண்டுப் படக்காரரும் தேர்ந்துகொண்டது கிழக்கு முகத்தையே. என்னுடன் வந்த முதுகலை மாணவியருள் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தி, சேலையை வாங்குவோர் முன்பக்கம் பார்ப்பார்கள், நெய்தவர் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார் என்று சொல்லிவிட்டு, "இந்தக் கட்டடத்துக்குப் பின்னாலே என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

வளாகத்தின் பின்னே இருப்பது பக்கிங்காம் கால்வாய்.

செனட் இல்லத்தின் வேலை நடந்த 1874-1879ஆம் ஆண்டுகளை நம் பாட்டன்மார் வேறு பெயரால் அறிவர். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1876-78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்துக்குத் தாது வருடப் பஞ்சம் என்று பெயர். தென்னிந்தியாவில் ஏறத்தாழ 55 லட்சம் பேர் மாண்டனர் என்பது ஒரு மதிப்பீடு. பஞ்சம் முற்றிக்கொண்டிருந்த 1877 சனவரி முதல் நாளில்தான் தில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா இந்தியாவின் பேரரசி என்று முழங்கினார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்ததும் அதே ஆண்டில். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று.

முன்புறத்தில் தேர்ந்த கொத்தனார்கள் தூண் தலைகளைச் செதுக்கிக்கொண்டிருந்த காலத்தில், பின்புறத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்கள் மண் சுமந்தனர். இரண்டும் ஒரே அரசின் பொதுப்பணி. ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான படங்கள் உண்டு.

பஞ்சத்துக்கும் படம் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் இராணுவ அதிகாரி சென்னை மாகாணத்தில் பட்டினியால் வாடியோரைக் குழுக் குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். விலா எலும்பு தெரியும் உடல்கள், கருவியின் கண்ணுக்கு ஏற்றவாறு வரிசையாக உட்கார வைக்கப்பட்டிருக்கின்றன. அவர்களின் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஹூப்பர் 1886இல் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றத்தைப் படமெடுத்ததற்காகக் கண்டனத்துக்கு உள்ளானார். அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அந்தப் படங்கள் இல்லாதிருப்பின் பஞ்சத்தின் முகம் நமக்குக் கிடைத்திராது என்பதும் உண்மை. சான்று வேண்டுவோர் அதைத் தந்தவரின் கைகளைக் கழுவிவிட்டுப் பெற முடிவதில்லை.

அந்தப் பஞ்சத்தை நம் சீமை வேறு கருவியால் பதிவு செய்தது. சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899இல் வெளிவந்த பஞ்சலட்சணத் திருமுக விலாசம் என்னும் நூலை இளைய கவிஞர்கள் தேடிப் படிக்க வேண்டும். பஞ்சம் தாளாத மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவரும் செய்வதறியாது சிவகங்கை ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதியனுப்புவதாக அமைந்த அங்கதம் அது. திருவிளையாடற்புராணத்தில் பாணபத்திரருக்குத் திருமுகம் தந்த இறைவன், தாது வருடத்தில் தானே கையேந்தும் நிலைக்கு வருகிறான். ஹூப்பரின் படத்தில் பசித்தவர் வாய் பேசார். வில்லியப்ப பிள்ளையின் ஏட்டில் பசித்தவர் பேசுகிறார், வையகிறார், சிரிக்கவும் செய்கிறார். தெருத்தெருவாகப் பாடி விற்கப்பட்ட பஞ்சக் கும்மிகளும் இவ்வகையினவே. ஒளிப்படமும் பாட்டும் ஒன்றையொன்று நிரப்பும் சான்றுகள் என்று கொண்டால் 1877ஆம் ஆண்டின் உண்மை நமக்கு ஓரளவு முழுமையாகக் கிட்டும்.

திருச்சுழியில் இரமண மகரிஷி பிறந்தது 1879 டிசம்பர் 30ஆம் நாள். பஞ்சம் ஓய்ந்து, செனட் இல்லம் முடிந்த ஆண்டு. அவர் பிறந்த வீடு இன்று வழிபாட்டிடமாகப் போற்றப்படுவதால் பிழைத்தது. எத்தனையோ பேர் அதைப் படமெடுக்கின்றனர். அதே தெருக்களில் அதே காலத்தில் கட்டிய வேறு வீடுகளும் இருந்தன. ஞானி பிறவாத காரணத்தால் அவை படம் பெறவில்லை.

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களுக்கும் இதுவே நிலை. குழித்தறி பதித்த முன்கூடம், பாவு நீட்டுவதற்கென்றே அகலம் விட்ட தெரு, சாயத்தொட்டியின் தடம் படிந்த கொல்லைப்புறம் ஆகியவை விக்டோரியா காலத்துக் கட்டடக் கலையே. அரசியின் பெயரை யாரும் அவற்றுக்கு வைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு. விசைத்தறி வந்த பின் குழிகள் தூர்க்கப்பட்டன. ஓட்டுக் கூரை போய்க் காங்கிரீட் வந்தது. வீட்டுக்காரர் தம் வசதிக்கேற்ப வீட்டை மாற்றிக் கட்டுவதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. இடிப்பதற்கு முந்தின நாள் நான்கு படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும் உரிமை மட்டும் உண்டு. கேட்ட இடங்களில் பெரும்பாலோர் முகம் மலர்ந்தே இசைந்தனர். சிலர் அன்றைக்கென்று கோலமும் போட்டு வைத்தனர்.

இவ்வேலையில் இறங்க விரும்பும் வட்டத்து அன்பர்களுக்குச் செனட் இல்லத்தில் நாங்கள் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். நான்கு புறமும் ஒவ்வொரு படம், பின்புறம் உட்பட. சுவரோரம் அளவுகோலையோ ஆள் ஒருவரையோ நிறுத்தி ஒரு படம். உயரம் பின்னால் கணக்கிட உதவும். தூண் தலை, கதவு நிலை, தாழ்ப்பாள் முதலியவற்றை அண்மையில் சென்று எடுத்தல் வேண்டும். ஆட்களை விலகச் சொல்லுதல் கூடாது. வானம் வெளிறியிருந்தால் வெளிறியே இருக்கட்டும். கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் தாளில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். அச்சிட்ட படத்தின் பின்னால் மையால் எழுத வேண்டியவை இடம், தெரு, திசை, நாள், நேரம், எடுத்தவர் பெயர், வீட்டில் குடியிருப்போர் இசைந்தால் அவர்கள் பெயர், கட்டிய கொத்தனார் பெயர். கடைசியாகச் சொன்னதைக் கேட்டறிய முதலில் அணுக வேண்டியவர்கள் அந்தந்தத் தெருவின் முதிய பெண்கள். கொத்தனாருக்கு உச்சிவேளையில் கூழ் ஊற்றிய மாமியாரின் கதை வழியாக அப்பெயர் அவர்களிடம் வந்து சேர்ந்திருக்கும்.